இறாலுக்கும் ஊசியில்லை, இராணிக்கும் ஊசியில்லை

மதுரங்குளியில் இறால் வளர்த்தவர்கள் 1996ஐ லேசில் மறக்க மாட்டார்கள். வெண்புள்ளி நோய் வந்த ஆண்டு அது. இரவு நன்றாகத் தீன் தின்ற இறால், காலையில் குளத்தின் ஓரத்துக்கு வந்து ஒதுங்கி நிற்கும். பிடித்து, தலை ஓட்டை நகத்தால் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால் உள்பக்கம் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளி. அதைக் கண்டவன் அடுத்ததாகக் கணக்குக் கொப்பியைத்தான் தேடுவான். மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் குளம் முழுக்கச் செத்து மிதக்கும். புத்தளம் கரையில் எத்தனையோ குளங்கள் அதற்குப் பிறகு வற்றிப் போயின. கடன் மட்டும் வற்றவில்லை.

அப்படி அடிபட்ட ஒரு பண்ணைக்கார நானாவின் போனுக்குத்தான் வாட்ஸப் செய்தி ஒன்று வந்து சேர்ந்தது. மார்பகப் புற்றுநோய் திரும்ப வராமல் தடுக்க ஊசி வந்துவிட்டதாம், பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லிப் போட்டிருந்தது. நானா பத்துப் பேருக்கும் அனுப்பிவிட்டுக் கேட்டார்: “பொம்பளைகளுக்கு ஊசி கண்டுபுடிச்சிட்டாங்களாம். நம்மட றாலுக்கு எப்ப தம்பி?”

கேள்வியில் கொஞ்சம் பொறாமை இருந்தது. ஆனால் விஷயமுள்ள கேள்வி. தடுப்பூசி என்பது உடம்பின் ஞாபகசக்தியை வைத்து நடக்கிற வியாபாரம். எதிரியின் சாயலை முன்கூட்டியே காட்டி வைத்தால், உண்மையான எதிரி வரும்போது உடம்பு அடையாளம் கண்டு அடிக்கும். நமக்கு அந்த ஞாபகம் உண்டு. இறாலுக்கு நம்மைப் போல் எதிரிக்கென்று பிறபொருளெதிரி செய்து வைத்துக்கொள்ளும் வசதி கிடையாது. ஆகவே றாலுக்கு இப்போதைக்கு இல்லை நானா.

மனிதருக்கு? அங்கேதான் கதை சிக்கலாகிறது. புற்றுநோய் அணு வெளியூர்க்காரன் இல்லை. நம் உடம்பிலேயே பிறந்து, நம்முடைய அடையாள அட்டையையே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறவன். சோதனைச்சாவடியில் நிற்கிற எதிர்ப்பு அணு அட்டையைப் பார்த்துவிட்டு ‘போ’ என்று கையைக் காட்டிவிடும். அவனைப் பிடிக்க மனிதர்கள் எடுத்த முயற்சிகளின் கதையைச் சொல்கிறேன். மரியாதை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். வைத்திய வரலாற்றின் பெரிய மனிதர்களுக்கு ஏற்கெனவே வேண்டிய மட்டும் பொன்னாடை போர்த்தியாகிவிட்டது.

எகிப்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். சுமார் 3600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு பாப்பிரஸ் சுருள் உண்டு. 1862இல் லக்சரில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் அதைக் காசு கொடுத்து வாங்கினார். எழுதிய எகிப்தியரின் பெயர் போய், வாங்கியவரின் பெயர் நின்றுவிட்டது. அதில் 48 நோயாளிகளின் விவரம். எலும்பு முறிந்தவனுக்கு இப்படிக் கட்டு, மண்டை பிளந்தவனுக்கு இப்படிப் பத்து என்று எழுதிக்கொண்டே வந்தவர், 45ஆவது ஆளின் மார்பில் புடைத்து நிற்கும், தொட்டால் சூடில்லாத கட்டியைப் பார்த்ததும் சிகிச்சை கிடையாது என்று எழுதிவிட்டு 46ஆவது ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இதற்குப் பிறகு வந்த அநேகம் பேரை விட இவர் யோக்கியர்.

அடுத்து வருகிறாள் பாரசீகத்து அரசி அடோசா. மகா சைரஸின் மகள், டாரியஸின் மனைவி, ஸெர்க்ஸஸின் தாய். அக்காலத்துக்குத் தெரிந்த உலகத்தில் பெரும்பகுதி அந்த வீட்டுச் சொத்து. அவள் மார்பில் ஒரு கட்டி வந்தது. சிறிதாக இருந்தவரை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் மறைத்தாள். அது உடைந்து பரவிய பிறகுதான் டெமோசிடிஸ் என்ற கிரேக்க வைத்தியரைக் கூப்பிட்டாள்.

டெமோசிடிஸ் அரண்மனைக்கு வந்த விதமே ஒரு கூத்து. அடிமையாகப் பிடிபட்டு வந்தவர். டாரியஸ் வேட்டைக்குப் போய்க் குதிரையிலிருந்து இறங்கும்போது கணுக்கால் பிசகிற்று. எகிப்திய வைத்தியர்கள் முறுக்கு முறுக்கென்று முறுக்கி, அரசரை ஏழு நாள் தூங்கவிடவில்லை. டெமோசிடிஸ் வந்து சுகப்படுத்தினார். பரிசாக அரசர் இரண்டு சோடி தங்க விலங்கு கொடுத்தார். “காலைக் குணமாக்கியதற்குத் தண்டனையை இரண்டு மடங்காக்குகிறீர்களா?” என்று வைத்தியர் கேட்க, அரசர் சிரித்து அந்தப்புரத்துக்கு அனுப்பினார். அங்கே அரசிமார் ஆளுக்கொரு கிண்ணம் தங்கக் காசை அள்ளிக் கொடுத்தார்கள். எவ்வளவு கொடுத்தாலும் மனிதருக்கு ஊர் ஞாபகம்.

ஆகவே அடோசாவின் கட்டியைப் பார்க்குமுன் வைத்தியர் சத்தியம் வாங்கிக்கொண்டார்: சுகமானால் நான் கேட்பதைச் செய்யவேண்டும், மானக்கேடான எதையும் கேட்கமாட்டேன். சுகமானது. பிறகு அவர் சொல்லிக்கொடுத்தபடி, படுக்கையில் அரசி அரசரிடம், ‘சும்மா இருக்கிறீர்களே, கிரேக்கத்தின் மேல் படையெடுத்தால் என்ன? எனக்கு ஸ்பார்ட்டாவிலும் ஏதென்ஸிலும் இருந்து வேலைக்காரிகள் வேண்டும்’ என்று ஆரம்பித்தாள். வேவு பார்க்கக் கப்பல் போயிற்று, வழிகாட்டியாக டெமோசிடிஸ் போனார். இத்தாலிக் கரையை அடைந்ததும் நழுவிச் சொந்த ஊரான குரோட்டனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். போதாதென்று, ‘மல்லன் மிலோவின் மகளைக் கட்டப்போகிறேன் என்று அரசரிடம் சொல்லுங்கள்’ எனச் செய்தியும் சொல்லி அனுப்பினார். இத்தனையும் ஹெரோடோட்டஸ் எழுதியது. அவர் எழுதியதையெல்லாம் நம்பினால் தங்கம் தோண்டும் எறும்பையும் நம்பவேண்டிவரும். ஆனாலும் ஒரு கட்டிக்கு வைத்தியக் கட்டணமாக ஒரு நாட்டின் மேல் போரைக் கேட்டவர் வேறு யாரும் இருக்கமாட்டார்.

அது புற்றுநோய்தானா? ஆறிவிட்டது என்கிறாரே, அதை வைத்துப் பார்த்தால் சீழ்க்கட்டியாக இருந்திருக்கும் என்பது என் கட்சி. அது எப்படியோ போகட்டும். கட்டியை மறைத்ததை மட்டும் நான் அப்படியே நம்புகிறேன்.

பிறகு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல், உடம்பில் மிஞ்சிப்போகும் கரும்பித்தம்தான் புற்றுக்குக் காரணம் என்று காலம் ஓடிற்று. அதைத் தாண்டிப் பிரான்சுக்குப் போவோம். 1773இல் லியோன் நகரத்து அறிஞர் கழகம் புற்றுநோய் என்றால் என்ன என்று கட்டுரைப் போட்டி வைத்தது. பெர்னார்ட் பெய்ரீல் என்பவர் பரிசைத் தட்டிக்கொண்டார். அவர் எழுதியதோடு நிற்கவில்லை. ஒரு பெண்ணின் மார்பகப் புற்றிலிருந்து எடுத்த நீரை ஒரு நாயின் தோலுக்கடியில் செலுத்தி, வீட்டில் வைத்து என்ன நடக்கிறதென்று பார்த்தார். நாய் ஓயாமல் ஊளையிட்டது. வீட்டு வேலைக்காரி தூக்கம் கெட்டு, நாயைத் தண்ணீரில் அமுக்கிக் கொன்றுவிட்டாள். இன்றைக்கு ஆராய்ச்சிகளை நிறுத்தப் பெரிய பெரிய நெறிமுறைக் குழுக்கள் இருக்கின்றன. எதுவும் அவ்வளவு வேகமாக முடிவெடுத்ததாகத் தெரியவில்லை.

1777இல் ஜேம்ஸ் நூத் என்ற ஆங்கிலேய அறுவை வைத்தியர் நாயைத் தேடவில்லை. தன் கையையே கீறிப் புற்றுத் துணுக்கை உள்ளே வைத்தார். பொருக்குக் கட்டி விழுந்தது, அவ்வளவுதான்.

1808 அக்டோபர் 17. பாரிஸ், சென் லூயி வைத்தியசாலை. ழான்-லூயி அலிபேர் தோல்நோய் வைத்தியர், பிற்காலத்தில் பதினெட்டாம் லூயி மன்னனுக்கே மருத்துவர். புற்றுநோய் தொற்றுமா என்று தெரிந்தாக வேண்டும் அவருக்கு. மார்பகப் புற்று முற்றிய ஒரு பெண்ணின் புண்ணிலிருந்து வடிந்த நீரைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். கூட நின்ற வைத்தியர் பியேட்டும் மாணவர்களும் ஏற்றிக்கொண்டார்கள். தங்கள் விருப்பத்தோடு என்றுதான் எழுதிவைத்திருக்கிறார்கள். பேராசிரியர் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் வரச்சொல்லும்போது மாணவனின் விருப்பம் எப்படிப்பட்டது என்பதை எங்கள் வளாகங்களில் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குத்திய இடம் சிவந்து வீங்கிச் சில நாளில் வற்றிப் போயிற்று. ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை.

அவர்கள் தேடியது தொற்று. அகப்பட்டது வேறு: இன்னொருவரின் புற்றை என் உடம்பில் வைத்தால் என் உடம்பு அதைத் துரத்திவிடுகிறது. அயலானை அடையாளம் காண உடம்புக்குத் தெரிகிறது. சொந்த வீட்டுக் கள்ளனிடம்தான் ஏமாறுகிறது. அந்த முடிச்சு அவிழ இன்னும் நூற்றைம்பது ஆண்டு ஆயிற்று. அலிபேர் கையில் இருந்ததைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

இதே காலத்தில் நம் தீவில் என்ன நடந்தது? 1802இல் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் காலத்தில் பெரியம்மைக்கான பசு அம்மைப்பால் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. குளிரூட்டி இல்லாத காலம், ஆகவே பிள்ளைகளின் கைகளே குப்பி. ஒரு பிள்ளைக்குக் குத்தி, எட்டாம் நாள் அது கொப்புளித்ததும் அந்த நீரை அடுத்த பிள்ளைக்கு ஏற்றி, அப்படியே ஊர் ஊராகக் கடத்தினார்கள். அந்த ஆண்டு ஜூன் 14இல் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தையின் கையில் பிடித்தது இந்தியாவில் முதன்முதல். இலங்கையில் இந்த வேலையைப் பார்த்த தோமஸ் கிறிஸ்டி என்ற வைத்தியர் பிறகு அதைப் புத்தகமாகவே எழுதினார். அம்மை என்றால் அம்மனின் கோபம், அதற்கு வேப்பிலையும் மஞ்சளும் இருக்க மாட்டு நோயை ஏன் பிள்ளைக்கு ஏற்றவேண்டும் என்று சனம் பின்வாங்கியதில் வியப்பில்லை. ஆனால் ஊசி வென்றது. 1980இல் பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள்.

அம்மைப்பால் ஆரம்பத்தில் கண்ட வெற்றியே வைத்தியர்களின் தலைக்கு ஏறியிருந்தது. ஒரு நோய்க்கு ஊசி கிடைத்தால் எல்லா நோய்க்கும் கிடைக்கும். 1902இல் பெர்லினில் வொன் லெய்டன் நோயாளிகளின் சொந்தக் கட்டியையே அரைத்துத் தடுப்பூசியாக ஏற்றிப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை வைத்தியர் வேறு கட்சி. எவ்வளவு வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்று மார்பு, அதன் கீழ்த் தசை, அக்குள் முடிச்சுகள் எல்லாவற்றையும் தோண்டியெடுத்தார். மனிதர் கொக்கெயினுக்கும் பிறகு மோர்பினுக்கும் அடிமை. கை மட்டும் நடுங்கவில்லை என்கிறார்கள். அவ்வளவு தோண்டியும் பல பெண்களுக்கு நோய் திரும்பியது. ஏனென்று 1889இலேயே லண்டனில் ஸ்டீபன் பேஜட் எழுதிவிட்டார். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளைப் புரட்டி, இது விதை போலப் பரவித் தனக்குப் பிடித்த மண்ணில் முளைக்கிறது என்றார். கத்தி எடுக்குமுன்பே விதை போய்விடுகிறது. வெட்டுகிற கைகள் வாசிக்கிற பழக்கத்தை விட்டிருந்தன. இன்னும் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு அந்தத் தோண்டல் நடந்தது.

1891இல் நியூயோர்க்கில் வில்லியம் கோலி. கடுமையான தோல்தொற்று வந்த ஒருவரின் புற்று தானாகக் கரைந்துபோன பழைய குறிப்பொன்றை வாசித்தவர், கழுத்தில் கட்டியோடு வந்த ஸோலா என்ற இத்தாலியருக்கு வேண்டுமென்றே கிருமியை ஏற்றினார். பிடிக்கவில்லை. திரும்ப ஏற்றினார், மாதக்கணக்கில். கடைசியில் வீரியமான கிருமி கிடைத்து, ஸோலா காய்ச்சலில் சாவின் வாசல் வரை போய் வந்தார். கட்டி கரைந்தது, மேலும் பல ஆண்டு வாழ்ந்தார். பிறகு கோலி செத்த கிருமிகளை வைத்து மருந்தே செய்தார். சிலருக்குக் கேட்டது, பலருக்குக் கேட்கவில்லை, யாருக்கு ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. 1965இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதை நிரூபிக்கப்படாத வைத்தியங்களின் பட்டியலில் தள்ளியது. 1976இல் கனடாவில் அல்வாரோ மொராலஸ், நம் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் இடது கையில் போடுகிற அதே பீ.சீ.ஜி.யைச் சிறுநீர்ப்பைப் புற்றுக்குள் விட்டு வெற்றி கண்டார். இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது. கோலி அப்போது உயிரோடு இல்லை.

மார்பகத்துக்கு வருவோம். இங்கே வைத்தியர்களோடு பங்குச்சந்தையும் சேர்ந்து உள்ளே வருகிறது.

தெரடோப் என்று ஒரு தடுப்பூசி, கனடாவின் பயோமிரா நிறுவனம் செய்தது. புற்று அணுவின் மேலிருக்கும் ஒரு சர்க்கரைத் துணுக்கை எடுத்து, கலிபோர்னியக் கரையில் கிடைக்கும் ஒரு கடல் நத்தை வகையின் இரத்தப் புரதத்தில் ஒட்டினார்கள். அந்த நத்தையின் இரத்தம் நீலம். நம்முடையதில் இரும்பு, அதனுடையதில் செம்பு. நம் இறாலின் இரத்தத்திலும் செம்புதான். நானாவுக்கு இதைச் சொன்னபோது, “அப்ப றால்ல இருந்து மருந்து எடுக்கலாம், றாலுக்கு மட்டும் குடுக்க ஏலாதா?” என்றார். பரவிய மார்பகப் புற்றுள்ள 1028 பெண்களில் ஒரு பாதிக்கு நீல இரத்தமும் சர்க்கரையும், மறு பாதிக்கு வெறும் நீல இரத்தம். 2003இல் கணக்குப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒன்று.

பிறகு நியூவேக்ஸ். ஹெர்2 என்ற புரதத்தை அளவுக்கு மிஞ்சிக் காட்டுகிற மார்பகப் புற்றுகள் உண்டு. அந்தப் புரதத்திலிருந்து ஒன்பதே ஒன்பது அமினோ அமிலங்களைக் கத்தரித்து, சிகிச்சை முடிந்து சுகமாயிருக்கும் பெண்களுக்கு ஏற்றினார்கள். நோய் திரும்பாமல் தடுக்கவேண்டும் என்பதே நோக்கம். சிறிய ஆய்வில், ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஊசி போட்டோரில் 89.7 சதவீதம், போடாதோரில் 80.2. தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம்தான், ஆனாலும் வாய் ஊறவைக்கிற எண். கலீனா என்ற நிறுவனம் 758 பெண்களைச் சேர்த்துப் பெரிய ஆய்வைத் தொடங்கியது. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே இணையத்தில் கலீனாவைப் புகழ்ந்து கட்டுரைகள் வந்தன. எழுதியவர்கள் சுதந்திரமான முதலீட்டாளர்கள் மாதிரித் தோற்றமளித்தார்கள். காசு கொடுத்து எழுதவைத்தது என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் குற்றஞ்சாட்டி, 2017இல் கலீனாவும் அதன் முன்னாள் தலைவரும் அபராதம் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே, 2016இல், பலன் தெரியவில்லை என்று ஆய்வு நிறுத்தப்பட்டது. கட்டுரைகள் பலன் கொடுத்த அளவுக்கு ஊசி பலன் கொடுக்கவில்லை.

அதே ஹெர்2வின் இன்னொரு துணுக்கு ஜீபீ2. இதன் இரண்டாம் கட்ட ஆய்வில் சேர்ந்த எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது, ஊசி போட்டோருக்கும் போடாதோருக்கும் நம்பும்படியான வித்தியாசம் இல்லை. ஹெர்2 மிகக் கூடுதலாக இருந்து ஊசிகளை முழுதாகப் போட்டுக்கொண்ட 46 பேரை மட்டும் பிரித்துப் பார்த்தபோது ஐந்தாண்டில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. 2020 டிசம்பரில் இது வெளியானதும் கிரீன்விச் லைஃப்சயன்ஸ் நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் பத்து மடங்குக்கு எகிறியது. சிறு கூட்டத்தைப் பிரித்தெடுத்துப் பார்க்கும் கணக்கில் மனதுக்குப் பிடித்த விடை வருவது புதிதில்லை. அதனால்தான் 2022இல் மூன்றாம் கட்ட ஆய்வு தொடங்கியது. அதன் பெயர் ஃபிளமிங்கோ. பூநாரை சிற்றிறாலும் பாசியும் தின்று இளஞ்சிவப்பாகிறது என்று தெரிந்து வைத்தார்களோ என்னவோ. அந்த முடிவுக்கு நான் காத்திருக்கிறேன், உண்மையான ஆசையோடு.

மரியாதை தானாக வருகிற ஓர் ஆள், கிளீவ்லாந்தின் வின்சென்ட் டுவோஹி. தாய் பால் கொடுக்கும் காலத்தில் மட்டும் சுரந்து பிறகு ஓய்ந்துவிடும் ஒரு பால் புரதம், மூவெதிர்மறை என்று வைத்தியர்கள் சொல்லும் வகை மார்பகப் புற்றுகள் பலவற்றில் திரும்பத் தலைகாட்டுகிறது. ஓய்வுபெற்ற புரதத்தை எதிரியாகப் பழக்கினால் நல்ல உறுப்புக்குச் சேதமில்லை. யோசனை அவ்வளவுதான். 2010இல் எலிகளில் வேலை செய்தது. மனிதரில் முதல் ஊசி போட 2021 ஆயிற்று. நடுவில் போன பதினோரு ஆண்டில் பெரும்பகுதி காசு தேடுவதில் போயிற்று. 2023இல் டுவோஹி காலமானார். முதற்கட்டத்தில் ஊசி போட்டவர்களில் எழுபது சதவீதத்துக்கு மேலானோரின் உடம்பு அந்தப் புரதத்தை அடையாளம் கண்டிருக்கிறது. அடையாளம் கண்டது நோயைத் தடுக்குமா என்பது அடுத்த கட்டத்துக்கான கேள்வி. சியாட்டிலில் மேரி டிசிஸ் தடுப்பூசி போட்ட 66 பெண்களை ஏறத்தாழ பத்தாண்டு தொடர்ந்து பார்த்து 2022இல் எழுதியதும் இந்த ரகம்தான்: ஆபத்தில்லை, நம்பிக்கை உண்டு, இன்னும் நிரூபணமாகவில்லை.

இவ்வளவு ஆரவாரத்துக்கும் நடுவில், நோய் திரும்புவதை உண்மையாகவே தடுத்துக்கொண்டிருப்பது ஒரு தோற்றுப்போன மருந்து. 1962இல் இங்கிலாந்தின் ஐ.சீ.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் அதைச் செய்தார். கருத்தடைக் குளிசை தேடினார்கள். எலிகளில் கரு தரிக்கவில்லை, கொண்டாடினார்கள். பெண்களிலோ அது முட்டை உற்பத்தியைத் தூண்டிவிட்டது. கருத்தடை என்று கொடுத்தால் பிள்ளை பிறக்கும். கம்பனி அதைக் குப்பையில் போட இருந்த நேரத்தில்தான் புற்றுநோய்க்குப் பார்க்கலாமே என்றார்கள். அதுதான் தமொக்சிஃபென். ஈஸ்ட்ரோஜனை நம்பி வளரும் வகை மார்பகப் புற்றில், ஐந்து ஆண்டு விழுங்கினால் அந்த ஐந்து ஆண்டுக்குள் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகிறது. மகரகம அபேக்‌ஷா வைத்தியசாலையில் வரிசையில் நின்று இலவசமாக வாங்குகிற குளிசை. அதற்காக யாரும் வாட்ஸப்பில் பத்துப் பேருக்குச் செய்தி அனுப்புவதில்லை.

ஆகவே நானாவுக்கும் அவர் செய்தி அனுப்பிய பத்துப் பேருக்கும் சொல்லவேண்டியது இது. மார்பகப் புற்று திரும்பாமல் தடுக்கும் தடுப்பூசி இன்றைய திகதியில் எந்த நாட்டிலும் அங்கீகரிக்கப்படவில்லை. யாராவது காசுக்குத் தருகிறேன் என்று வந்தால் கள்ளன். ஊசி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, உடம்பு கொதிக்கிறது, தூக்கம் வரவில்லை என்ற சாட்டில் குளிசையை மூன்றாம் வருடத்தில் நிறுத்திவிட்டு நிற்காதீர்கள், கிளினிக்கில் சொல்லுங்கள். இன்னும் நோயே வராதவர்கள், 35 வயதானவுடன் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். காசில்லை. மார்பைப் பார்ப்பார்கள், பார்க்கும் முறையையும் சொல்லித் தருவார்கள். கட்டி ஏதும் தட்டுப்பட்டால் மகளிடமோ ராத்தாவிடமோ குடும்பநல மாதுவிடமோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.